நதிமூலம் வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்!

'ரிஷிமூலம், நதிமூலம் பார்க்காதே' என்று ஒரு பழமொழி இருக்கிறது. நம் ஊரில் இதைப் போலத் தப்பாகப் பயன்படுத்தப்பட்ட பழமொழி இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் கைலித் தறி வைத்திருப்பவர். மூன்று வருஷமாக ஒரு சாமியாரிடம் போய்வருகிறாராம். குடியை விட்டுவிட்டார். கோபம் குறைந்திருக்கிறது. கடிதத்தின் முதல் பக்கம் முழுக்க அந்தச் சாமியாருக்கு நன்றிதான். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கே வருகிறார். ப்ளஸ் டூ படிக்கும் மகளின் மேல்படிப்புக்கென்று வைத்திருந்த ஐந்து சென்ட் மனையை ஆசிரமத்தின் பேருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாராம் கணவர். 'அந்தச் சாமி யாரு, எங்கேர்ந்து வந்தாரு, ஆசிரமத்துக் கணக்கை யாரு பார்க்கறா?' என்று இவர் கேட்டதற்கு, அவர் சொன்ன பதில்தான் மேலே உள்ள பழமொழி.

"சார், அவர் நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கலை. நிஜமான குருவா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அதை மட்டும் சொல்லுங்க" என்று முடித்திருக்கிறார்.

'அதை மட்டும்' என்கிறார். அது என்ன லேசான சமாசாரமா!

முதலில் பழமொழியையே எடுத்துக்கொள்வோம். ரிஷிமூலம் பார்க்காதே என்று ஏன் சொன்னார்கள்? வியாசரின் தாய் மீனவப் பெண். வால்மீகி வேடராக இருந்தவர் என்று கதை. பிறப்பையும் பழைய வாழ்க்கையையும் கிளறி ஒருவரின் ஞானத்தை மட்டம் தட்டாதே என்பதுதான் அதன் பொருள். நல்ல பொருள், பெருந்தன்மையான பொருள். ஆனால் நதிமூலம் பார்க்காதே என்றவர்கள், 'தண்ணீரையும் பார்க்காதே, கண்ணை மூடிக்கொண்டு குடி' என்று சொல்லவில்லை.

இந்த வித்தியாசம் வேலூர்ப் பக்கத்து மக்களுக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரியாது. பாலாறு எங்கே பிறக்கிறது? கர்நாடகத்தில், நந்திமலைப் பக்கம். அதைப் பற்றி இங்கே யாருக்கும் புகார் இல்லை. புகார் வந்தது, ஆற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனபோது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றிய தீர்ப்பு அது. அங்கே நதிமூலத்தை யாரும் விசாரிக்கவில்லை. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

குரு விஷயத்திலும் அதே நியாயம்தான். பிறப்பு வேண்டாம், ஜாதி வேண்டாம், பழைய உத்தியோகம் வேண்டாம். ஆனால் இன்றைக்கு அவரிடமிருந்து வழிந்து வருகிற தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. குடிக்கப் போகிறவர் நீங்கள்தானே?

நான் பி.காம். படித்தவன். ஞானத்தை அளக்க என்னிடம் கருவி கிடையாது. ஒருவர் உள்ளுக்குள் விழித்துக்கொண்டுவிட்டாரா, இல்லை தூங்கிக்கொண்டே பேசுகிறாரா என்று வெளியே இருந்து எவனாலும் சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது. ஆனால் ஆடிட்டிங்கில் ஒரு பால பாடம் உண்டு. முதலாளி உத்தமரா என்று ஆடிட்டர் கேட்பதில்லை. வவுச்சர் இருக்கிறதா, கையிருப்பு சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார். உள்ளம் தெரியாவிட்டாலும் கணக்குத் தெரியும். குருவிடமும் நாம் பார்க்கக்கூடிய கணக்குகள் மூன்று இருக்கின்றன. பணம், கேள்வி, வாசல்.

அதற்கு முன்னால், நாம் வழக்கமாகப் பார்க்கிற கணக்குகள் ஏன் உதவாது என்று சொல்லிவிடுகிறேன்.

அற்புதம் செய்கிறாரா, கூட்டம் வருகிறதா, பெரிய மனிதர்கள் காலில் விழுகிறார்களா? நம் ஆட்கள் இந்த மூன்றைத்தான் பார்ப்பார்கள். இந்த மூன்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கியவர் பிரேமானந்தா. இலங்கையிலிருந்து வந்து, திருச்சி - புதுக்கோட்டை சாலையில் ஆசிரமம் கட்டியவர். கையிலிருந்து விபூதி, சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம். வெளிநாட்டு பக்தர்கள் வேறு. 1994-ல் கைது. 1997-ல் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆசிரமத்தில் அடைக்கலம் தேடிய 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது, ஒரு கொலை. இதுதான் குற்றப்பட்டியல். 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011-ல் தண்டனைக் கைதியாகவே இறந்துபோனார். விபூதி நிஜமா பொய்யா என்ற கேள்வியால் தீர்ந்த வழக்கல்ல அது. டி.என்.ஏ. பரிசோதனையும், வெளியே வந்த பெண்களின் வாக்குமூலமும் பேசிய வழக்கு.

'சரி சார், ஆனா அவர் பக்கத்துல போனா மனசு அமைதியாகுதே' என்பீர்கள். இது சாதாரண வாதம் இல்லை. நிஜ குருவை எப்படி அறிவது என்று ரமணரிடமே கேட்டிருக்கிறார்கள். அவர் சந்நிதியில் மனம் அமைதி அடைவதும், அவர் மேல் தானாக மரியாதை வருவதும்தான் அடையாளம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ரமணர் வாக்கைத் தள்ளிவிட நான் யார்? ஆனால் ஒன்றை யோசியுங்கள். பிரேமானந்தாவின் பக்தர்களும் அமைதியை உணர்ந்தவர்கள்தான். அவர்கள் நடிக்கவில்லை. நாலு நாள் செல்போன் இல்லாமல், கடன்காரன் தொல்லை இல்லாமல், மரத்தடியில் பத்துப் பேரோடு பஜனை பாடினால் யாருக்குத்தான் அமைதி வராது? அங்கே கிடைக்கும் அமைதி, நாம் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறோம் என்பதைத்தான் முதலில் சொல்கிறது. அந்த அமைதி வீடு வரைக்கும் கூட வருகிறதா, கேள்வி கேட்ட பிறகும் மிச்சம் இருக்கிறதா, காசு கொடுக்காத மாதத்திலும் கிடைக்கிறதா என்று பார்த்தால்தான் அது அடையாளம் ஆகும்.

இப்போது மூன்று கணக்குகளுக்கு வருவோம்.

பணம். இது எந்தப் பக்கம் போகிறது?

குடியாத்தத்திலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி தாண்டினால் திருப்பத்தூர். அங்கே 1921-ல் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கிறிஸ்து குல ஆசிரமம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். கம்பளி நூல் தொழிலில் கொழித்த பணக்காரக் குடும்பம் பேட்டனுடையது. அந்தக் காலத்து மிஷன்களில் வெள்ளைக்காரருக்கு ஒரு மரியாதை, இந்தியருக்கு ஒரு மரியாதை. அது வேண்டாம், சமமாக வாழ்வோம் என்று கிளம்பியவர்கள் இவர்கள். கதர் கட்டினார்கள். வைத்தியம் பார்த்தார்கள். ஜெபாலயத்தைக் கோபுரம் வைத்து நம் ஊர்க் கோயில் மாதிரியே கட்டினார்கள். பேட்டனின் பணம் ஆசிரமத்துக்குள்ளே வந்ததே தவிர, ஆசிரமத்தின் பணம் யார் பாக்கெட்டுக்கும் போகவில்லை.

ஊர் அவர்களை எப்படிக் கூப்பிட்டது தெரியுமா? பெரியண்ணன், சின்னண்ணன். சுவாமி இல்லை, குருஜி இல்லை, ஃபாதர்கூட இல்லை. அண்ணன்! 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் நின்றிருந்த பேட்டனை, கதர் போட்டிருந்த குற்றத்துக்காக போலீஸ் அடித்துச் சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் அது கேள்வியானது. தன் இனத்தின் அதிகாரம் தனக்குக் குடை பிடிக்கும் என்று தெரிந்தும் அந்தக் குடைக்குள் நிற்காத மனிதர். இவர் முக்தி அடைந்தவரா? எனக்குத் தெரியாது. ஆனால் இவருடைய கணக்குப் புத்தகத்தை நான் எங்கே பிரித்தாலும் பயமில்லாமல் பிரிப்பேன்.

கேள்வி. குருவிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகிறது?

நம் பரம்பரையில் இதற்கு ஒரு அருமையான கதை உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரார்த்தம் கேட்க ராமானுஜர் பதினெட்டு முறை நடந்தார். கடைசியில் நம்பி சொல்லிக் கொடுத்தார், யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. ராமானுஜர் கோயில் மேலே ஏறி, கூடியிருந்த எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டார். 'நான் ஒருவன் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, இத்தனை பேர் கரையேறட்டும்' என்பது அவர் கட்சி. இந்தக் கதையை நாம் எப்போதும் ராமானுஜரின் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு நம்பியின் பெருமையும் அதே அளவுக்குத் தெரிகிறது. சொன்ன சொல்லை மீறிவிட்டான் சிஷ்யன். கோபப்பட்டார். பிறகு, இவன் என்னைவிடப் பெரியவன் என்று புரிந்ததும் கட்டிக்கொண்டார். 'எம்பெருமானார்' என்று பேர் கொடுத்தார். சிஷ்யன் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து சந்தோஷப்படத் தெரிந்தவர். குருவைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இருக்கிறதா?

இதற்கு நேர் எதிரான சம்பவம் அரியானாவில் நடந்தது. 2002-ல், சிர்சா ஆசிரமத்தில் சாத்வி ஒருவர் தனக்கு நடந்த கொடுமையைப் பெயர் போடாமல் கடிதமாக எழுதினார். அதை வெளியிட்ட உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராம் சந்தர் சத்ரபதி அதே வருஷம் சுடப்பட்டு இறந்தார். ஆசிரமத் தலைவர் ராம் ரஹீமுக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை கிடைக்க 2017 ஆயிற்று. ஒரு கடிதத்துக்குப் பதில் வர பதினைந்து வருஷம்!

"கேள்வி கேட்பது அகங்காரம், சரணாகதிதான் வழி" என்று சிலர் மடக்குவார்கள். சரணாகதி பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவன் 'ஆம்' என்று சொன்னால்தான் அந்த 'ஆம்' சரணாகதி. வாயைத் திறக்கவே பயப்படுகிறவன் தலையாட்டுவதற்கு வேறு பேர்.

குடியாத்தத்துக்காரர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். வைகாசி முதல் தேதி உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் தலை ஊர்வலமாக வருகிறது. அந்தத் தலையைக்கூட கோயிலுக்குக் கொண்டுபோய் உடலோடு பொருத்திய பிறகுதான் கண் திறந்து தரிசனம். அம்மனுக்கே தலை உடம்போடு சேர வேண்டியிருக்கிறது. நாம் மட்டும் செருப்போடு சேர்த்துத் தலையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவானேன்?

மூன்றாவது, வாசல். உள்ளே வருவது சுலபமா, வெளியே போவது சுலபமா?

போலி இடங்களில் வருவதற்கு அகலமான வாசல் இருக்கும், போவதற்கு இருக்காது. போனால் சாபம், போனால் குடும்பத்துக்கு ஆகாது, போனவன் துரோகி. பிரேமானந்தா ஆசிரமத்தில் இருந்தவர்களில் பலர் போக வேறு இடமே இல்லாத ஆதரவற்ற பெண்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

திருவண்ணாமலையில் ரமணர் இருந்த ஹாலில் யார் வேண்டுமானாலும் வரலாம், உட்காரலாம், எழுந்து போகலாம். 1896-ல் பதினாறு வயதில் வந்தவர், 1950-ல் மறையும்வரை அந்த மலையை விட்டு நகரவில்லை. ஆனால் யாரையும் 'இங்கேயே இரு' என்று பிடித்துவைக்கவில்லை. சம்பிரதாயமாக தீட்சை கொடுத்து 'நீ என் சிஷ்யன்' என்று முத்திரை குத்தவும் இல்லை. பந்தியில் மற்றவர்களுக்கு என்னவோ அதுதான் அவருக்கும். விடியற்காலையில் சமையற்கட்டில் காய் நறுக்கினார். 1924 ஜூன் 26 ராத்திரி திருடர்கள் புகுந்து அவரையே தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய பக்தர்களை அவர் தடுத்துவிட்டார். திருடர்களுக்குக் கிடைத்தது சொற்பம். காரணம், அங்கே இருந்ததே சொற்பம்.

பிற்பாடு, ஆசிரமத்தில் பழைய நிர்வாகியாக இருந்த ஒருவர் மனக்கசப்பில் ரமணரைத் திட்டி ஒரு புத்தகமே போட்டார். பக்தர்கள் கொதித்தார்கள். ரமணரோ, அதை ஆசிரம வாசலிலேயே வைத்து விற்கலாமே, நம்புகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், கூட்டமும் குறையும் என்கிற பாணியில் சொன்னதாக ஆசிரமத்துப் பழைய அன்பர்களின் நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. தன் மேல் வந்த அவதூறை வாசலுக்கு வெளியே போகும் வழிகாட்டிப் பலகையாக மாட்டச் சொன்ன மனுஷன்!

ரமணர் ஆசிரமத்தில் குறையே இல்லையா என்றால், இருந்தது. உரிமை யாருக்கு என்று கோர்ட் வரைக்கும் போன தகராறு இருந்தது. 1938-ல் உயில் எழுதி நிர்வாகத்தைத் தம்பி வழிக்கு விட்டதில் முணுமுணுப்பு இருந்தது. இதையெல்லாம் நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள். நிஜத் தோலில் முள் கீறிய தழும்பு இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும். ஒரு இடம் போல இன்னொரு இடம் இருக்காது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வழவழவென்று, குறையே இல்லாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அது ரெக்சின். மனுஷ ஜென்மம் எடுத்த குருவிடமும் ஆசிரமத்திடமும் தழும்பு இருக்கும். அதை மூடி மறைக்கிறார்களா, தைரியமாகத் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

'பரம்பரை இருந்தால் போதாதா சார்?' என்றும் சிலர் கேட்பார்கள். மடங்களில் குரு பரம்பரை உண்டு. தோல் வணிகர் காக்கா முகமது உமர் 1924-ல் ஆம்பூர் அருகே நிறுவிய உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாம் மாதிரி மதரஸாக்களில், யாரிடம் ஓதினாய், அவர் யாரிடம் ஓதினார் என்கிற சனது முறை உண்டு. இது மதிப்பான விஷயம். பாடம் கலப்படம் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதம். ஆனால் பாடத்துக்குத்தான் உத்தரவாதம், பாத்திரத்துக்கு இல்லை. பாத்திரத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

சகோதரி, இப்போது உங்கள் மனை.

முதல் காரியம், உங்கள் கணவரிடம் 'உங்க சாமி ஃப்ராடு' என்று ஆரம்பிக்காதீர்கள். குடியை நிறுத்தியவரை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? அந்த நன்றி நிஜமானது. ஆனால் நன்றி ஒரு கடன் என்றால், அதை மகளின் படிப்பிலிருந்து எடுத்து அடைக்கலாமா? இதை மட்டும் கேளுங்கள். பிறகு அவரையே ஆசிரமத்தில் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். மனை பதிவாகப் போவது டிரஸ்ட் பேரிலா, தனி ஆள் பேரிலா? டிரஸ்ட் என்றால் வருமான வரித்துறையில் பதிவு செய்திருக்கிறதா, ஆடிட் செய்த கணக்கைக் காட்டுவார்களா? 'பொண்ணு படிச்சு முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் சாமி' என்று சொன்னால் அடுத்த வாரமும் அதே முகத்தோடு வரவேற்பார்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நிஜ குருவாக இருந்தால், 'முதல்ல பொண்ணைப் படிக்க வைய்யா' என்று அவரே சொல்லிவிடுவார். முகம் மாறினால், உங்கள் கணவருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவரே புரிந்துகொள்வார்.

இன்னொன்று. மனை பூர்வீகச் சொத்தா என்று பத்திரத்தைப் பாருங்கள். அப்படியானால், 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி மகளுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. அவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முழுசாகத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. அவரே சம்பாதித்து வாங்கியது என்றால் சட்டம் உங்களுக்கு உதவாது, பேச்சுதான் உதவும். உள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு சப்ளையை மட்டும் பார்க்கத் தெரியாது, டிமாண்டும் கண்ணில் படும். போலி குருக்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பொண்ணுக்கு எப்போது கல்யாணம், கடையை எங்கே வைக்கலாம், யாரோடு பேசலாம், யாரோடு பேசக்கூடாது... இதையெல்லாம் வேறு ஒருவர் முடிவு செய்து கொடுத்தால் தேவலை என்று நாம் க்யூவில் நிற்கிறோம். முடிவெடுப்பது அவ்வளவு பாரமாக இருக்கிறது. அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள ஒருவர் கை நீட்டுகிறார். முதலில் பாரத்தை வாங்குவார், பிறகு மற்றதையும் வாங்குவார். நல்லவராக வந்தவரைக்கூட, நாலு வருஷம் நாம் காலில் விழுந்து விழுந்தே கெடுத்துவிட முடியும்.

நிஜ குரு அந்தப் பாரத்தை வாங்க மாட்டார். தூக்கக் கற்றுக்கொடுப்பார். அவரிடம் போய்வந்த சில வருஷங்களில் உங்களுக்கு அவர் தேவைப்படுவது குறைய வேண்டும். நீங்கள் போய்வருகிற இடத்தில் அது குறைகிறதா, கூடுகிறதா? இந்த ஒரு கணக்கை வேறு எந்த ஆடிட்டரும் உங்களுக்குப் போட்டுத் தர முடியாது.